சம்பந்திக்குப் பெரிய எழுத்து

கிம்ச்சோன்
1 ஏப்ரல் 2004

நாயோங்,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். "போன் பண்ணாதீங்கப்பா. போன்ல நீங்க சிரிச்சே மழுப்பிருவீங்க. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்று ரயில் நிலையத்தில் சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாய். தாளை மேஜையில் விரித்து வைத்து நான்கு நாள் ஆகிறது. இந்த நான்கு நாளில் பால்கனிக் கதவுக்கு எண்ணெய் போட்டேன். ஆடாமல் நின்ற நாற்காலிக்கு ஆணி அடித்து அதை ஆட வைத்தேன். "ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போங்க, வாசப்படியில நின்னுக்கிட்டு உசுர வாங்காதீங்க" என்கிறாள் உன் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பற்றித்தானே கோபம்? பெண் வீடும் பிள்ளை வீடும் முதல்முறையாக ஒரே மேஜையில் உட்காரும் சாப்பாடு. பெண்ணைப் பெற்றவன், "குறையுள்ள பொண்ணு, பொறுத்துக்கங்க" என்று சொல்வது வழக்கம். சொன்னேன். மூன்று தடவை சொன்னேன் என்கிறாய். சூப் வந்தபோது ஒன்று, மீன் வந்தபோது ஒன்று. மூன்றாவது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

மாப்பிள்ளை க்யூஹோவின் அப்பா, அதாவது நம் சம்பந்தி, என்னைவிட மூன்று வயது இளையவர். அவருக்கு நான் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் சோஜு மது ஊற்றியது தப்புத்தான். ஆனால் அவர் துணைத் தலைமை ஆசிரியர், நாயோங். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லரைப் பார்த்துக்கொண்டவன் நான். அந்தப் பதவியின் பெயர் காதில் விழுந்தாலே என் இடுப்பு என்னைக் கேட்காமல் மடிந்துவிடும். ஓய்வு பெற்றது நான்தான். இடுப்புக்கு யாரும் ஓய்வு ஆணை கொடுக்கவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். "மே இருபத்து மூணாம் தேதி கல்யாண ஹால்ல உங்க கையப் பிடிச்சு மேடைக்கு நடக்க மாட்டேன். தனியா நடந்து வந்துக்கறேன்" என்றாயே, அதை மட்டும் சிரித்துத் தள்ள முடியவில்லை. கோபத்தில் சொன்னதா, முடிவாகச் சொன்னதா?

அப்பா

சியோல்
6 ஏப்ரல் 2004

அப்பா,

முடிவாகச் சொன்னதுதான்.

மூன்றாவது தடவை, கிளம்பும்போது காலணி போட்டுக்கொண்டே சொன்னீர்கள். க்யூஹோவின் அப்பா, "சரி சரி, பாத்துக்கறோம்" என்றார், பழைய சோபாவை வாங்கிப் போகிறவர் சொல்வதுபோல. க்யூஹோ தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் காது சுட்டது. நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்களை அவமானப்படுத்த நான் தனியாக நடக்கவில்லை. ஹாலின் மறுகோடியில், மேடைக்கு முன்னால் க்யூஹோவின் அப்பா உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்ததும் நீங்கள் பாதி வழியிலேயே குனிவீர்கள். உங்கள் கையைப் பிடித்திருந்தால் நானும் சேர்ந்து குனிய வேண்டும். என்னால் முடியாது.

சண்டை வேறு, வேலை வேறு. இணையத்தில் அழைப்பிதழ்ப் பக்கம் தயாராக இருக்கிறது. நம் வீட்டுப் படங்கள் பன்னிரண்டு, அவர்கள் வீட்டுப் படங்கள் பதினான்கு. அவர்கள் ஆல்பத்தையும் நானே ஸ்கேன் செய்து ஏற்றித் தருகிறேன் என்று அதே சாப்பாட்டில் நீங்களே கேட்டு வாங்கி வந்தீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் என்ன பெயர் என்று பட்டியல் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் வையுங்கள். நம் எழுத்தில் வைத்தால் எங்கள் அலுவலக சர்வரில் சிதைந்துபோகும். பட்டியலில் இருப்பதுபோலவே வையுங்கள். உங்கள் கைவரிசை எதையும் காட்ட வேண்டாம்.

நாயோங்

கிம்ச்சோன்
19 ஏப்ரல் 2004

நாயோங்,

இருபத்தாறு படங்களும் ஏறிவிட்டன. வட்டார அலுவலகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் இலவசக் கணினி வகுப்பில் கெட்டிக்காரத்தனத்தில் நான்தான் இரண்டாவது ஆள். முதல் ஆள் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நீ அனுப்பிய பக்கத்தை நம் வீட்டுக் கணினியில் வைத்து, படங்களையும் பக்கத்திலேயே வைத்துத் திறந்து பார்த்தேன். எல்லோரும் தெரிகிறார்கள். கயிற்றில் துணி காய்வதுபோல வரிசையாக இரண்டு குடும்பமும் நிற்கிறது. அதன் பிறகுதான் உன் சர்வருக்கு அனுப்பினேன். அதற்கே ஒரு முழு நாள். நடுவில் நான்கு தடவை எழுந்து போய்க் கேஸை அணைத்தேனா என்று பார்த்தேன். கேஸை ஏற்றவே இல்லை.

சம்பந்திக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். "உங்க ஆளுங்க ஒருத்தர் விடாம எல்லாரும் இருக்காங்க. என் ரெண்டு கண்ணால பாத்துட்டேங்க" என்றேன். "அப்படியா, எங்கப்பா வருஷ வழிபாட்டுக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க, சேந்து பாக்கறோம்" என்றார். குரலில் கொஞ்சம் இளக்கம் இருந்தது. மரியாதை செய்ய வேண்டிய இடத்தில் செய்திருக்கிறேன். பார்த்தால் அவருக்குத் தெரியும்.

நீ தனியாக நடப்பதைப் பற்றி உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் சாம்பல் கோட்டைச் சலவைக்குப் போடுவதா வேண்டாமா என்று தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

அப்பா

சியோல்
27 ஏப்ரல் 2004

அப்பா,

என்ன செய்து வைத்தீர்கள்?

சனிக்கிழமை க்யூஹோவின் தாத்தாவுக்கு வருஷ வழிபாடு. யோங்ஜுவில் அவர்கள் வீட்டில் பதினொரு பேர். பெரியப்பா, சித்தப்பாக்கள், அத்தைகள். படையலை எடுத்து வைத்ததும் கணினியைச் சுற்றி உட்கார்ந்து நம் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் படம் பன்னிரண்டும் பளிச்சென்று வந்திருக்கிறது. நீங்கள், அம்மா, மாமா, மாமாவின் நாய்கூட. அவர்கள் பக்கத்தில் பதினான்கு காலிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அதற்குக் கீழே அவரவர் பெயர்.

சிவப்பு மை இறந்தவர் பெயருக்குத்தான் என்று, உயிரோடு இருப்பவர் பெயரை அதில் எழுதினாலே பேனாவைப் பிடுங்கிப் போடும் வீடு அது. அன்றைக்கென்று இறந்தவருக்குப் படையல் போட்டிருக்கிறார்கள். அத்தை ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

க்யூஹோவின் அப்பா என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "உங்கப்பா கண்ணால பாத்தேன்னு சொன்னாரே. என்னத்தம்மா பாத்தாரு?" என்று மட்டும் கேட்டார்.

உடனே சர்வரைப் பார்த்தேன். அவர்கள் படம் பதினான்குக்கும் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறீர்கள். பெயர் மட்டுமா, புள்ளிக்குப் பின்னால் வரும் ஜேபிஜி என்ற வால்கூடப் பெரிய எழுத்தில். நம் படங்கள் பன்னிரண்டும் சின்ன எழுத்தில். என் பட்டியலில் எல்லாமே சின்ன எழுத்துத்தான். நம் வீட்டுக் கணினி பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒரே ஆளாக நினைத்துக் கதவைத் திறக்கும். அதனால் உங்களுக்குத் தெரிந்தது. எங்கள் சர்வருக்கு அவை வேறு வேறு ஆள். பக்கம் சின்ன எழுத்துக்காரரைக் கூப்பிட்டது, அப்படி யாரும் இல்லை என்று சர்வர் கையை விரித்துவிட்டது.

பெயரை மாற்றிச் சரிசெய்ய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அவர்களைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகுமோ. பெண்ணின் அப்பா நேரில் வந்து மன்னிப்புக் கேட்காவிட்டால் தங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள் என்று க்யூஹோவின் அப்பா சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்களுக்கு மட்டும் ஏன் பெரிய எழுத்து?

நாயோங்

கிம்ச்சோன்
1 மே 2004

நாயோங்,

கடிதம் வந்த அன்று பூங்காவைச் சுற்றினேன். நாலாவது சுற்றில் வாட்ச்மேன், "ஐயா எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "பதினாலு பேரத் தொலைச்சிட்டேன்" என்றேன். பாவம், போலீசைக் கூப்பிடட்டுமா என்றார்.

ஏன் பெரிய எழுத்து என்று கேட்கிறாய். வகுப்பில் டீச்சரிடம் கேட்டேன்: "ஏம்மா, ஒரே எழுத்துக்கு எதுக்கு ரெண்டு உடம்பு?"

"பெருசு முக்கியமான எடத்துல வரும் ஐயா. பேரு ஆரம்பிக்கும்போது, தலைப்புல."

"மத்தபடி?"

"மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர் கண்டுக்காது."

கம்ப்யூட்டர் கண்டுக்காது, மனிதர்கள் கண்டுகொள்வார்கள் என்று என் மண்டை கணக்குப் போட்டது. நம் பேச்சில் பெரியவருக்கு ஒரு வினை, சின்னவருக்கு ஒரு வினை இருக்கிறதே. ஆங்கிலக்காரனும் அதற்குத்தான் இரண்டு வகை எழுத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். துணைத் தலைமை ஆசிரியர் பெயரைச் சின்ன எழுத்தில் அடிப்பது, அவரை வாடா போடா என்று கூப்பிடுவதுபோல இருந்தது. விரல் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் தானாகவே அந்த வாலைப் பெரிய எழுத்தில்தான் போடும். அவர்கள் படத்துக்கு அப்படியே விட்டேன். நம் படம் பன்னிரண்டுக்கும் வாலைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சின்னதாக்கினேன். யாரும் சொல்லவில்லை. மாமாவின் நாய் வரைக்கும் விடவில்லை.

இது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரிக்கும்போதே வேறு என்னவோபோலவும் இருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி யோங்ஜு போகிறேன். போய் விழுந்து வணங்கிவிட்டு வருகிறேன். முட்டிதானே, தேய்ந்தால் மருந்துக் கடையில் பிளாஸ்திரி இருக்கிறது. மணமேடைக்கு எதிரே பிள்ளை வீட்டு வரிசை காலியாக இருந்தால் அது உன் முதுகில் ஆயுசுக்கும் உறுத்தும்.

அப்பா

சியோல்
6 மே 2004

அப்பா,

விழக் கூடாது.

உங்களிடம் சொல்லாத ஒன்று. ஆறாம் வகுப்பில் நான் வகுப்புத் தலைவி. டிசம்பர் மாதம், கொடி மரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வகுப்பு ஆசிரியரோடு வருகைப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சாம்பல் வாளியோடு வந்தீர்கள். அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். "யோவ் ப்யோ, ரெண்டாவது மாடி ஜில்லுனு கெடக்கு" என்று நம் குடும்பப் பெயரை மொட்டையாகச் சொல்லிக் கூப்பிட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் குனிந்தீர்கள். நான் அவருக்கு ஒட்டினாற்போல நின்றிருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் வணங்கினீர்கள், அப்பா. எனக்கு எங்கே நகர்வது என்று தெரியவில்லை. நிமிர்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

பதினைந்து வருஷமாக அந்தச் சிரிப்போடுதான் சண்டை போடுகிறேன். உங்களோடு இல்லை.

என் பக்கமும் ஒரு தப்பு இருக்கிறது. நீங்கள் படங்களை ஏற்றிய அன்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நம் வீட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அவர்கள் பக்கத்துக்கு இறங்கிப் பார்க்கவே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. பார்த்திருந்தால் வழிபாட்டுக்கு முன்பே சரிசெய்திருப்பேன். இதை க்யூஹோவிடமும் சொல்லிவிட்டேன். அவன் அப்பாவிடமும் நானே சொல்லுவேன்.

யோங்ஜு போங்கள். தப்பு நடந்தது என்று சொல்லுங்கள், வருத்தம் என்று சொல்லுங்கள். நெற்றி தரையில் படக் கூடாது. அதனால் அவர்கள் வரவில்லை என்றால் வரவேண்டாம், காலி நாற்காலிகள் என்னை ஒன்றும் செய்யாது. நீங்கள் விழுந்தால் நான் தனியாகத்தான் நடப்பேன்.

நாயோங்

கிம்ச்சோன்
14 மே 2004

நாயோங்,

நேற்றுப் போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், மழுப்பாமல்.

ஒரு பேரிக்காய்ப் பெட்டியோடு போனேன். சம்பந்தியம்மாதான் கதவைத் திறந்தார். உள்ளே சம்பந்தியும் அவர் அண்ணனும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. என் இடுப்பு மடிய ஆரம்பித்துவிட்டது. பாதியில் உன் கடிதம் ஞாபகம் வந்தது. இறங்கியதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் கையை விட்டேன். நான் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ. "எப்படியும் கழட்டத்தானே போறீங்க சம்பந்தி?" என்றார் அந்தம்மா.

கூடத்தின் நடுவில் தரை காலியாக இருந்தது. உட்காரும் மெத்தைகளை முன்கூட்டியே சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். நான் விழ இடம் விட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. ரொம்ப நேரம் நின்றேன். கடைசியில் சுவரோரம் போய் ஒரு மெத்தையை எடுத்து வந்து, அந்தக் காலி இடத்தில் போட்டு, சம்பந்திக்கு எதிரே உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கனமான மெத்தையைத் தூக்கியதில்லை.

அண்ணன்காரர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். "தப்பு என்னோடதுங்க. உங்க வீட்டு வழிபாட்டு நாள்ல மனசு கஷ்டப்பட வெச்சிட்டேன். வருத்தமா இருக்கு. ஆனா அவமானப்படுத்தணும்னு செய்யல. மரியாதைன்னு நெனச்சுச் செஞ்சேன்." பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் கதையைச் சொன்னேன்.

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பேரெல்லாம் பெருசா, உங்க பேரெல்லாம் சிறுசா?"

"ஆமாங்க."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லலீங்க. பழக்க தோஷம்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு வீடும் ஒரே எழுத்து. அதனாலதான் எல்லாரும் தெரியறோம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. முகம் காட்டிவிட்டது. பள்ளிக்கூட வராந்தாவில் நான் ஆயிரம் தடவை பார்த்த முகம். என் கால் மெத்தைக்கு மேல் துடித்தது. எழுந்து வணங்கிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நான் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போகாத ஒன்று வாயில் வந்தது. "அன்னிக்குச் சாப்பாட்டுல என் பொண்ணக் குறையுள்ள பொண்ணுன்னு மூணு தடவ சொன்னேன். அதத் திருப்பி எடுத்துக்கறேன். அவகிட்ட ஒரு குறையும் இல்லீங்க."

சம்பந்தியம்மா பேரிக்காயை நறுக்கிக்கொண்டே, "வழக்கத்துக்குச் சொல்றதுதானே சம்பந்தி. நாங்களும் வழக்கத்துக்குத்தான் கேட்டுக்கிட்டோம். இவருக்குத்தான், பள்ளிக்கூடப் பழக்கத்துல, யார் பணிஞ்சு சொன்னாலும் நெஜம்னு நெனப்பு" என்றார். சம்பந்தி அவரை முறைத்தார். "நீ சும்மா இரு. அந்தப் பொண்ணு நேத்து போன் பண்ணுச்சு. நம்ம பக்கத்தப் பாக்காம விட்டது தன் தப்புன்னு சொல்லுச்சு" என்றார். என்னைப் பார்த்து, "நேராப் பேசுது" என்றார். புகழ்ச்சியா புகாரா, தெரியவில்லை.

"அண்ணன் வருவாரான்னு நான் சொல்ல முடியாது" என்று முடித்தார்.

அண்ணன்காரர் வாயில் பேரிக்காயோடு, "கல்யாணத்துக்குப் போற பஸ் எத்தன மணிக்கு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். சமாதானம் என்று சொல்ல மாட்டேன். அவர் வாசல் வரை வரவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் இரண்டு தடவை கீழே விழுந்தது. ஏதோ திருடிக்கொண்டு வந்தவன்போல இருந்தேன். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை, நாயோங். விழவில்லை. அது மட்டும் நிச்சயம்.

கோட்டை நானாகச் சலவைக்குப் போடவில்லை. நீ சொல்.

அப்பா

சியோல்
17 மே 2004

அப்பா,

கோட்டைப் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள், நம் தெருக் கடைக்காரர் நான்கு நாள் எடுப்பார்.

கல்யாண ஹாலில் நம் முறை பதினொரு மணிக்கு. பன்னிரண்டுக்கு வேறு ஜோடி வந்துவிடும், அதனால் யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பத்து மணிக்கே மணப்பெண் அறைக்கு வாருங்கள். என் உடை பின்னால் இரண்டு மீட்டர் நீள்கிறது, மிதிக்காதீர்கள். நான் உங்கள் இடது பக்கம் நிற்பேன். பாதி வழியில் முன்வரிசையைப் பார்க்காதீர்கள், க்யூஹோவைப் பாருங்கள். உங்கள் உள்ளங்கை வேர்த்தால் வேர்க்கட்டும், கையுறை போட்டிருப்பேன்.

கடைசியில் ஒன்று. என் கையை அவனிடம் கொடுக்கும் முன் வழக்கப்படி அவன் உங்களுக்குக் குனிவான். இடுப்பு வரை, முழுசாக. "எத்தன செகண்ட் குனியட்டும்?" என்று என்னிடம் கேட்டான். அவனும் பயந்துபோய்த்தான் இருக்கிறான். அவன் குனியும்போது நீங்கள் அவனைவிடக் கீழே போகக் கூடாது. அவனோடு சேர்ந்தும் போகக் கூடாது. நிற்க வேண்டும், அப்பா. அவன் நிமிரும் வரை நிற்க வேண்டும்.

உங்களுக்கு அது சுலபமில்லை என்று தெரியும். பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாயோங்

கிம்ச்சோன்
20 மே 2004

நாயோங்,

மூன்று நாளாகப் பழகுகிறேன். உன் அம்மாதான் மாப்பிள்ளை. சோபாவிலிருந்து டிவி வரை நடக்கிறோம், அவள் எதிரே நின்று குனிகிறாள். முதல் நாள் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் அவள் குனிவதற்கு முன்பே நான் குனிந்துவிட்டேன். "மாப்பிள்ள நானா நீங்களா?" என்று கரண்டியைத் தூக்கினாள்.

இன்று காலை நின்றேன். அவள் மெதுவாகக் குனிந்தாள், வேண்டுமென்றே ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள். என் முதுகு முழுக்க எறும்பு ஊர்ந்தது. நின்றேன். நிமிர்ந்தவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "இவ்வளவு உசரமா நீங்க?" என்றாள்.

சனிக்கிழமை இன்னும் இரண்டு தடவை பழகிவிட்டு ஞாயிறு முதல் ரயிலில் வருகிறோம்.

அப்பா